இரும்புக் கையும் நீலியின் கண்ணீரும்

(நூலக வார விழாவையொட்டி கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஜெனரல் ஷிப்டு முடித்து, டிபன் பாக்ஸைக்கூட வீட்டில் வைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் முதலில் நன்றி. நோட்டீசில் என் தலைப்பைப் பார்த்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "நூலக விழான்னா குறள் பேசுவாங்க, கம்பன் பேசுவாங்க. நீ என்னப்பா மாயாவி, மர்மம்னு கிளம்பிட்டே?" என்றார். ஐயா, கடைசியில் உங்கள் தேவாரத்துக்குத்தான் வந்து சேரப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பொன்னேரியில்தான் வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு தம்பி. காலில் சேஃப்டி ஷூ, கழுத்தில் கம்பெனி அட்டை, ஒரு காதில் மட்டும் இயர்போன். செல்போனில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் யாரோ ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். கவரப்பேட்டை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கடைசி ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி என்பதால் பிழைத்தார். சூலூர்பேட்டை வண்டியாக இருந்திருந்தால் ஆந்திராவில்தான் இறங்கியிருப்பார்.

அவரைப் பார்த்து "காலத்தைக் கெடுக்கிறான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்தக் காய்ச்சல் பத்து வயதிலேயே வந்துவிட்டது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் சவுந்தரபாண்டியன். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அட்டை கிழிந்து, முதல் இரண்டு பக்கம் காணாமல்போன பிரதி ஒன்று எங்கள் தெரு சலூன் பெஞ்சில் கிடந்தது. முடி வெட்டிக்கொள்ளாத நாளிலும் நான் அந்த சலூனில் இருப்பேன்.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் என்று ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கை போய்விட்டது, அந்த இடத்தில் இரும்புக் கை. ஒரு விபத்தில் அவன் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துபோகிறான், ஆனால் இரும்புக் கை மறையவில்லை. அவ்வளவுதான் சரக்கு. 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்த இந்தக் கை, பத்து வருஷம் கழித்து பொன்னேரி சலூனில் மிதந்து வந்து என் கழுத்தைப் பிடித்தது. மறுபடி மறைய வேண்டுமென்றால் அவன் மறுபடி ஷாக் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது கரண்டு கிடையாது. இல்லாவிட்டால் இன்று உங்கள் முன்னால் நின்று பேச நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தக் கதையில் எனக்கு ஏன் அத்தனை மயக்கம் என்று வெகுநாள் தெரியவில்லை. தெரியவைத்தது ஒரு பிரஸ் ஷாப்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள். மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற 'ராம்' என்ற இரும்புப் பாளம் இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் 'டை' என்ற அச்சுக்குள் கை இருக்காது, விரல் பிழைக்கும். ஆனால் அப்படி ஓட்டினால் பீஸ் ஏறாது. அதனால் ஒரு பட்டனில் சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். அப்புறம் ஒரு கையால் தகட்டை வைக்கலாம், ஒரு கையால் பட்டனைத் தட்டலாம். டார்கெட் ஏறும். அந்தக் கட்டையை முதலில் செருகியது யார், செருகச் சொன்னது யார் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நான் சேர்ந்தபோதே அது அங்கே இருந்தது. பட்டனோடு பட்டனாக எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது.

ஒரு இரவு ஷிப்டில் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இரண்டு மாசம் கழித்து வந்தார், ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கையில் எப்போதும் ஒரு கறுப்புத் துணி உறை. நாங்கள் அவருக்கு 'மாயாவி' என்று பெயர் வைத்தோம். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். ஒரு நாள் டீ நேரத்தில் மட்டும் சொன்னார்: "டேய், அவனுக்கு மறையறது உடம்பு. எனக்கு மறைஞ்சது கை. அதான் வித்தியாசம்."

விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'தொழிலாளியின் கவனக்குறைவு.' அந்த மரக்கட்டையைக் காணோம். விடிவதற்குள் பட்டன் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அந்த பிரஸ் ஷாப்பில் நான் பார்த்த உண்மையான மாயாவி அந்தக் கட்டைதான்.

மர்மக் கதையின் ருசி எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான். பதிவேடு ஒரு வார்த்தையில் மூடிவிடுகிற இடத்தில்தான் மர்மக் கதை தொடங்குகிறது. கதையில் வருகிற துப்பறிவாளன் பதிவேட்டைப் படிக்க மாட்டான், முதலில் அந்தக் கட்டையைத்தான் தேடுவான். 'கவனக்குறைவு' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர்களுக்கு, 'இல்லை, இதை யாரோ செய்திருக்கிறார்கள்' என்று ஒருவன் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல்! கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு ரயிலில் வந்தாரே ஒரு தம்பி, அவர் நேரத்தைப் போக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கேள்வி கேட்கிற ஒருவனைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாயாவி வெள்ளைக்காரன் சரக்கு, ஸ்பைடர் வெள்ளைக்காரன் சரக்கு, நம் பிள்ளைகள் இதைப் போய்ப் படிக்கலாமா என்று அந்தக் காலத்திலும் கேட்டார்கள். சரக்கு அங்கேயிருந்து வந்தது சரிதான். ஸ்பைடர் 'லயன்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் பிறந்தவர். அவருடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஆனால் அந்த 'லயன்' 1974-இல் நின்றது, 'வேலியன்ட்' 1976-இல் நின்றது. இங்கே 1984-இல் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கி ஸ்பைடரைத் தமிழில் கொண்டுவந்தபோது, பிறந்த வீட்டில் அவரைச் சீந்த ஆளில்லை. நாம் கூர்மண்டையன் என்று செல்லப் பெயர் வைத்துக் கொண்டாடினோம். மறுபதிப்புகளை இன்றும் வாங்குகிறோம். அது ஏன்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த இருவரும் நல்லவர்களாகத் தொடங்கவில்லை. மாயாவி முதல் கதையில் ஊரை மிரட்டுகிறவன், பிறகுதான் நிழற்படை உளவாளி. ஸ்பைடரோ குற்றவாளிகளுக்கே சக்கரவர்த்தி ஆகத் துடித்தவர், பிறகுதான் மனம் மாறுகிறார். இந்தச் சாயல் நமக்குப் புதிதா? மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். ஊர்ச் சட்டத்தை மீறினவன், தண்டிக்கப்பட்டவன், அப்புறம் அதே ஊருக்குக் காவல் நிற்கிறவன். கை போன ஒருவனைக் காவல் தெய்வமாக நிறுத்திப் பொங்கல் வைத்த ஜனம், இரும்புக்கைக்காரனை அந்நியன் என்று ஒதுக்குமா? அமெரிக்க சூப்பர் ஹீரோக்களில் பழுதே இல்லாதவர்களை நாம் வாய் பிளந்து பார்ப்போம், ஆனால் அவர்களுக்குக் கிடா வெட்ட மாட்டோம்.

     

மர்மம் என்றாலே முடிவு தெரியக்கூடாது, தெரிந்தால் சுவை போய்விடும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. துகிலுரிதல் ஒரு நாள், அர்ச்சுனன் தபசு ஒரு நாள், கர்ண மோட்சம் ஒரு நாள், படுகளம், தீமிதி என்று வரிசையாகப் போகும். இன்று 'சீசன்', 'எபிசோடு' என்கிறோம். நம் பாட்டி பாயும் போர்வையுமாகப் போய் அத்தனை எபிசோடையும் பனியில் உட்கார்ந்து பார்த்தாள். கர்ணன் சாவான் என்று தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் விடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

வேஷத்தையும் கவனியுங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்புக்கட்டை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டின கால் தெரியும். ஆள் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம், பாட்டு முடிந்து திரை விலகுகிறவரைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு நின்றுபோகும். ஒரு தடவை எங்கள் பக்கத்துக் கூத்தில் துரியோதனன் கட்டியவர், மறுநாள் காலை ஆறு மணி வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். வெல்டர். காதோரம் அரிதாரம் சரியாகப் போகவில்லை. பகலில் ஒரு வேஷம், இரவில் ஒரு வேஷம் என்பதை பேட்மேன் வந்தா நமக்குச் சொல்லித்தர வேண்டும்?

அப்படியென்றால் தொடரில் நம்மைப் பிடித்து வைப்பது எது? விதி என்று நினைக்கிறேன். தலைவிதியைச் சொல்லவில்லை, ஆட்டத்தின் விதியைச் சொல்கிறேன். 1947 ஜூலையில் அம்புலிமாமா பத்திரிகை தொடங்கியது. அதில் வந்த கதையில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம். ராஜா வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டாலோ தலை சுக்குநூறாகிவிடும். பேசினாலும் தோல்வி, பேசாவிட்டாலும் சாவு. இதைவிட நேர்த்தியான தொடர் எந்திரத்தை உலகத்தில் யாரும் செய்ததில்லை. பழைய நூலில் இருந்தது இருபத்தைந்து கதை. அம்புலிமாமா அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு புதிது புதிதாக எத்தனையோ வருஷம் ஓட்டியது. மாயாவியின் கை மறையாமல் இருப்பதும் அப்படிப்பட்ட விதிதான். அந்தக் கையும் மறைந்திருந்தால் நாலாவது இதழில் எனக்குச் சலித்திருக்கும். எல்லாம் செய்ய முடிந்தவன் கதையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

துப்பறிகிறவர்களின் வரிசையை இங்கே விரிக்க நேரமில்லை. 1908-இல் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தன் அதில் வருகிறார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா. பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவலை வாங்காத கை எங்கள் தலைமுறையில் குறைவு. கொலை புதிது, துப்பறிகிறவர் பழகினவர். வசந்த் ஒரு ஜோக் அடித்தால் நம் வீட்டுப் பிள்ளை அடித்த மாதிரி இருக்கும். அந்தச் சொந்தத்துக்காகத்தான் அடுத்த புத்தகம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வந்த நாட்களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' எத்தனை வீட்டுப் பிள்ளைகளை இரவில் கொல்லைப்புறம் போகவிடாமல் செய்தது என்று இங்கே இருக்கிற நாற்பது வயதுக்காரர்களைக் கேளுங்கள்.

இப்போது பெரியவரிடம் சொன்ன இடத்துக்கு வருகிறேன். 'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்று ஒரு தரமாவது சொல்லாத தமிழர் உண்டா? அந்தக் கண்ணீர் வடிந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில். திருவாலங்காட்டை ஒட்டின பழையனூரில்.

கதை இடத்துக்கு இடம் மாறும். எலும்பு இது. காட்டு வழியில் கட்டிய மனைவியைக் கொன்றுவிட்டுப் போகிறான் ஒருவன். அடுத்த பிறவியில் அவன் ஒரு செட்டி, அவள் பேயாகிய நீலி. அவனிடம் ஒரு கத்தி இருக்கிறது. அது கையில் இருக்கிறவரை அவளால் அவனைத் தொட முடியாது. பாருங்கள், விதி! நீலி மனைவி வேஷத்தில், கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே பின்னால் வருகிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் பஞ்சாயத்துக் கூடுகிறார்கள். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. பெண் அழுகிறாள். ஆண் மட்டும் 'இவள் என் மனைவி இல்லை, இவளிடம் விட்டால் நான் செத்தேன்' என்கிறான். பஞ்சாயத்து கண்ணீரை நம்புகிறது. 'உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு' என்று கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அவளோடு ஒரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். காலையில் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

ஐயா, இந்த வஞ்சனை திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிக்கப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டு. பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கி, தலையால் நடந்த காரைக்கால் அம்மையார் பாடிச் சேர்ந்ததும் இதே ஆலங்காடு. மாயமும் மர்மமும் தமிழுக்கு இறக்குமதி என்கிறவர்களை அரக்கோணம் வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழர்களின் மிகப் பெரிய கொலை மர்மம் எது? சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 1950 முதல் 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். இன்றுவரை சண்டை ஓயவில்லை. அந்த வழக்குக்கு ஒரு சாட்சி உடையார்குடிக் கல்வெட்டு. அதில் குற்றவாளிகளின் பெயர் இருக்கிறது. மற்றொன்று திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905-இல் கிடைத்தது, ராஜேந்திர சோழன் காலத்தது, 31 ஏடுகள். அந்தச் செப்பேட்டின் கொடை என்ன தெரியுமா? பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தந்தது. நீலியின் அதே பழையனூர்! இந்தச் செப்பேடு ஆதித்தன் சாவைப் பற்றி என்ன சொல்கிறது? சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் போய்விட்டானாம். அதைப் படித்தபோது எனக்கு பிரஸ் ஷாப் பதிவேடு நினைவுக்கு வந்தது. செம்பில் வெட்டினாலும் பேனாவில் எழுதினாலும் பதிவேடு பதிவேடுதான். அந்த ஒரு வரி போதவில்லை என்றுதான் கல்கி அத்தனை வாரம் எழுதினார், நாம் படித்தோம்.

இப்போது வருகிற தொடர்களுக்கு வருவோம். 2022-இல் புஷ்கர் காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்' வந்தது. எட்டுப் பாகம். ஒரு சின்ன ஊர், ஒரு சிமெண்டு ஆலை, ஒரு யூனியன் தலைவர், மயானக் கொள்ளை நடக்கிற இரவு. அன்று ஆலை எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன். அங்காளம்மன் ஊர்வலத்தையும் ஆலைப் புகையையும் ஒரே திரையில் பார்த்தபோது, இது நம் ஊர்க் கதை என்று சிப்காட்டில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்! 2023-இல் 'மாவீரன்' படம். காமிக்ஸ் வரைகிறவன் காதில் தான் வரைந்த வீரனின் குரல் கேட்கிறது. வில்லத்தனம் எதில் தெரிகிறது? குடிசையிலிருந்து கொண்டுபோய் வைத்த அடுக்குமாடியில், தொட்டால் உதிர்கிற சுவரில். காண்டிராக்டில் போன சிமெண்டு எங்கே என்பதும் ஒரு துப்பறியும் கேள்விதான்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சமீபத்தில் வருகிற மர்மத் தொடர்களில் பல ஒரு பெண்ணின் பிணத்தோடு தொடங்குகின்றன. அவள் போட்டோவை போலீஸ்காரர் போர்டில் குத்தி வைப்பார். அப்புறம் எட்டுப் பாகமும் அந்த போலீஸ்காரரின் மனக் கஷ்டம்தான். செத்தவள் போட்டோவிலேயே இருப்பாள். பழையனூர் அப்படியில்லை. கொலையானவளே வாதி, அவளே வக்கீல், அவளே தண்டிக்கிறவள். நாம் அவள் கண்ணீரைப் பொய்க்கண்ணீர் என்று பழமொழியாக்கிவிட்டோம். அவள் கொல்லப்பட்டது பொய்யா? அதைப் பழமொழி சொல்லவில்லை, பதிவேடு மாதிரி விட்டுவிட்டது. அப்புறம் அந்த எழுபது பேர். தீர்ப்பு தவறிப்போனது என்று தெரிந்ததும் தண்டனையைத் தாங்களே ஏற்ற பஞ்சாயத்து. எந்த சூப்பர் ஹீரோ படத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எழுதுகிற ஆசை உள்ள பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், கேள்வி நேரத்தில் தெரிந்துவிடும். லண்டனில் கொலை வேண்டாம், மும்பையில் கடத்தல் வேண்டாம். இரவு ஷிப்டு, ரோலிங் மில் வெளிச்சம், பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறும்போது அதிர்கிற ஜன்னல், ஒரு பிரஸ் மெஷின், ஒரு மரக்கட்டை. இதை வைத்து யாராவது முதல் பாகம் எழுதுங்கள். படிக்க நான் இருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை மூர் மார்க்கெட் புறநகர் ரயில் நிலையம் போய் அரக்கோணம் வண்டிக்கு மாறுங்கள். திருவள்ளூர் தாண்டி, மணவூருக்கு அடுத்தது திருவாலங்காடு. இறங்கி, பழையனூர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வயதான அம்மா யாராவது கிடைத்தால் நீலி கதையைச் சொல்லச் சொல்லுங்கள். 'ஒரு பேய் இருந்தது' என்று தொடங்குகிறார்களா, 'ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டான்' என்று தொடங்குகிறார்களா, அதை மட்டும் குறித்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.